மலையைப் போலவே இல்லாத மலை: குவோ ஷியின் 'வசந்தத்தின் தொடக்கம்' ஓவியத்தைப் பொருள்கொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

பாறை மேகம்போலச் சுருண்டு கிடக்கிறது. மரக்கிளைகள் நண்டின் கொடுக்குகளாக வளைந்து கீழ்நோக்கிக் கவ்வுகின்றன. சிகரம் நேராக எழாமல் நெளிந்து, உச்சியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. இப்படிப்பட்ட மலை ஓவியத்தின் முன் நிற்கும் பலரும் "அமைதியாக இருக்கிறது" என்பார்கள், அல்லது "ஏதோ கனவுபோல இருக்கிறது" என்பார்கள். இரண்டும் தவறில்லை. ஆனால் உலகத்தில் உள்ள எந்த மலை ஓவியத்துக்கும் இந்த வாக்கியங்கள் பொருந்திவிடும். எதற்கும் பொருந்தும் வாக்கியம் எதையும் விளக்கியதாகாது.

இந்த வழிகாட்டி ஒரே ஓவியத்தை எடுத்துக்கொண்டு, அதைப் படிப்படியாகப் பொருள்கொள்ளும் முறையைக் காட்டுகிறது. ஓவியம், சீனாவை ஆண்ட வடசோங் அரசமரபின் அரசவை ஓவியர் குவோ ஷி 1072ஆம் ஆண்டில் வரைந்த 'வசந்தத்தின் தொடக்கம்'. இப்போது தைவானின் தைபே நகரில் உள்ள தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பழைய பட்டுத்துணி ஆகையால் எப்போதும் காட்சிக்கு வைப்பதில்லை. பல ஆண்டுகளுக்கு ஒருமுறை, சில வாரங்களுக்கு மட்டும் வெளியே எடுக்கிறார்கள். நம்மில் பெரும்பாலோருக்குத் திரையில் கிடைக்கும் பெரிய படம்தான் கதி. அது போதும், சில முன்னெச்சரிக்கைகள் மட்டும் தேவை.

முறையின் அடிப்படை இதுதான்: ஓவியர் இயற்கையிலிருந்து எங்கெல்லாம் விலகியிருக்கிறாரோ, அங்கெல்லாம் நம்மிடம் ஏதோ சொல்கிறார். குவோ ஷிக்கு மலையைத் தத்ரூபமாக வரையத் தெரியாமல் போகவில்லை. ஆகவே ஒவ்வொரு படியிலும் "இது ஏன் இயல்பாக இல்லை?" என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும்.

தொடங்குமுன்: படத்தின் உடல்

இந்த ஓவியம் 158.3 செ.மீ. உயரமும் 108.1 செ.மீ. அகலமும் கொண்ட தொங்கு சுருள். பட்டின்மீது மையும், மிக மெல்லிய வண்ணப் பூச்சும். கைபேசித் திரையில் பார்ப்பவருக்கு இந்த அளவு மனத்தில் ஏறாது. சுவரில் சாக்குக்கட்டியால் அந்த அளவுக்கு ஒரு கட்டம் போட்டுப் பாருங்கள். உட்கார்ந்து பார்த்தால் உச்சி உங்கள் தலைக்கு மேலே இருக்கும். அந்தக் கட்டத்துக்குள் வரும் மனித உருவங்களோ விரல்நுனி அளவுதான். இந்த விகிதமே பொருளின் ஒரு பகுதி. கைபேசியில் மலையும் மனிதனும் ஒன்றாகச் சுருங்கிவிடுகின்றன.

அடுத்து, நிறம். படம் முழுவதும் தேயிலைச் சாயம் ஏறியதுபோல் பழுப்பாகத் தெரியும். இதை வைத்து "அந்தி மயங்கும் நேரம்" என்றோ, "சோகமான மனநிலை" என்றோ எழுதிவிடாதீர்கள். தொள்ளாயிரத்து ஐம்பது ஆண்டுகளில் பட்டு கறுத்துப்போயிருக்கிறது, அவ்வளவுதான். குவோ ஷியின் கண்முன் இருந்த பட்டு இதைவிட மிக வெளிறியது. பனிமூட்டம் அன்று இன்னும் ஒளியோடு இருந்திருக்கும். பழைய ஓவியங்களைப் படிக்கும்போது காலம் செய்ததையும் ஓவியர் செய்ததையும் முதலில் பிரித்துவிடுவது நல்லது.

முதல் படி: பெயர்ச்சொற்களை மட்டும் எழுதுங்கள்

தலைப்பையும் விளக்கத்தையும் மறைத்துவிட்டு, பத்து நிமிடம் படத்தைப் பாருங்கள். தாளில் பெயர்ச்சொற்களை மட்டும் எழுதுங்கள். "அழகான", "கம்பீரமான", "மர்மமான" போன்ற அடைமொழிகளுக்கு இப்போது இடமில்லை.

கீழே நடுவில் பெரும்பாறைகள், அவற்றின்மேல் முறுக்கிய பைன் மரங்கள். அவற்றுக்குப் பின்னால் நடுமலை. அதற்கும் மேலே, மூட்டத்தைத் தாண்டி, முதன்மைச் சிகரம். வலப்புறம் ஒரு பிளவு. அதில் படிப்படியாக இறங்கும் அருவி. அருவிக்கு அருகே மலைமடிப்பில் ஒளிந்த கூரைகள். இடப்புறம் ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கு, பின்னோக்கிப் பின்னோக்கி மங்கிப்போகிறது. கீழே இரு பக்கமும் நீர். நீரோரம் படகுகள், ஆட்கள்.

எழுதி முடித்தபின் கண் போன பாதையை ஒரு கோடாக வரைந்து பாருங்கள். பலருக்கும் அது கீழ்ப்பாறையில் தொடங்கி, நெளிந்து நெளிந்து, நடுவழியாகச் சிகரத்துக்கு ஏறும். நேர்க்கோடு வராது. படத்தின் முதுகெலும்பே அந்த நெளிவுதான்; மலை அடுக்கி வைத்த கல்லாக இல்லாமல் உள்ளே ஏதோ ஓடுகிற உடலாகத் தெரிவதற்குக் காரணமும் அதுவே.

இரண்டாம் படி: நான் எங்கே நிற்கிறேன்?

இந்த ஓவியத்தின் திறவுகோல் இந்தக் கேள்வியில் இருக்கிறது. அதனால் சற்று நிதானமாகப் போகலாம்.

படத்தின் மூன்று இடங்களில் மாறிமாறிப் பாருங்கள். நடுச்சிகரத்தைப் பார்க்கும்போது நீங்கள் அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்க்கிறீர்கள். வலப்புறப் பிளவைப் பார்க்கும்போது ஒரு மலையின் முன்னால் நின்று, அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கிறீர்கள். இடப்புறப் பள்ளத்தாக்கைப் பார்க்கும்போது, ஓர் உயரத்தில் நின்று கண்மட்டத்துக்கு நேராகத் தொலைவை நோக்குகிறீர்கள். ஒரே மனிதன் ஒரே நேரத்தில் இந்த மூன்று இடங்களிலும் நிற்க முடியாது. கேமராவாலும் முடியாது.

குவோ ஷி இதைத் தெரிந்தே செய்தார் என்பதற்கு எழுத்துச் சான்று இருக்கிறது. அவருடைய கருத்துகளை அவர் மகன் குவோ ஸு தொகுத்த 'லின்சுவான் காவ்ஜி' என்ற நூலில் மலைக்கு மூன்று தொலைவுகள் சொல்லப்படுகின்றன. அடிவாரத்திலிருந்து உச்சியை நோக்குவது உயர்தொலைவு. முன்னாலிருந்து பின்னால் எட்டிப் பார்ப்பது ஆழ்தொலைவு. அருகிலிருக்கும் மலையிலிருந்து தூரத்து மலையை நோக்குவது சமதொலைவு. நிறமும் மாறும்: உயர்தொலைவு தெளிவாக இருக்கும், ஆழ்தொலைவு கனத்து இருண்டிருக்கும், சமதொலைவில் வெளிச்சமும் இருளும் கலந்திருக்கும். இப்போது படத்துக்குத் திரும்புங்கள். நடுவில் ஒன்று, வலப்புறம் ஒன்று, இடப்புறம் ஒன்று. மூன்றும் ஒரே பட்டில் இருக்கின்றன.

ஐரோப்பிய மறுமலர்ச்சி ஓவியங்களில் பழகிய கண், கோடுகள் எல்லாம் ஒரே புள்ளியில் போய்ச் சேர வேண்டும் என்று எதிர்பார்க்கும். அதை அளவுகோலாக வைத்தால் இந்தப் படம் "பிழை" என்றே தோன்றும். சீன ஓவியருக்கு ஆழம் காட்டத் தெரியவில்லை என்று ஒரு காலத்தில் எழுதியவர்கள் உண்டு. அது சோம்பேறித்தனமான தீர்ப்பு. குவோ ஷி கேட்டது வேறு கேள்வி: ஒரு மலையை ஓர் இடத்தில் நின்று பார்த்தால் அதை அறிந்துவிட்டதாகுமா? நடக்க நடக்க மலையின் வடிவம் மாறுகிறது, ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் அது வேறொன்று, ஆகவே ஒரு மலைக்குள் பல நூறு மலைகள் உண்டு என்பது அந்த நூலின் வாதம். அந்த நடையை, அதாவது மலையைச் சுற்றி வந்த அனுபவத்தை, அசையாத பட்டில் எப்படி வைப்பது? பார்வையிடத்தை உடைப்பதுதான் வழி.

நீங்கள் செய்ய வேண்டியது: படத்தின் அச்சுப்பிரதியில், பார்வை மாறும் இடங்களில் பென்சிலால் எல்லை போடுங்கள். அந்த எல்லைகளில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் பனிமூட்டம் இருக்கும். அதுவே அடுத்த படி.

மூன்றாம் படி: ஒன்றும் வரையாத இடங்கள்

நடுமலைக்கும் சிகரத்துக்கும் இடையில் மலை காணாமல் போகிறது. அங்கே மிக நீர்த்த மையின் பூச்சு இருக்கிறது, சில இடங்களில் அதுவும் இல்லை. இதைப் பின்னணி என்று தள்ளிவிடக் கூடாது.

மலை உயரமாகத் தெரிய வேண்டுமானால் முழுவதையும் காட்டாதே, அதன் இடுப்பை மூட்டத்தால் மறை. ஆறு நீளமாகத் தெரிய வேண்டுமானால் முழுவதையும் காட்டாதே, இடையிடையே மறைத்து விடு என்கிறது அதே நூல். நம் மனம் மறைந்த பகுதியைத் தானே இட்டு நிரப்புகிறது. நிரப்பும்போது தாராளமாகவே நிரப்புகிறது. சோதித்துப் பார்க்கலாம்: மூட்டம் உள்ள பகுதியைத் தாளால் மறைத்து, மேல் பகுதியையும் கீழ்ப் பகுதியையும் நெருக்கி வையுங்கள். மலை குன்றாகிவிடும்.

மூட்டத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. முந்தைய படியில் பார்த்த பார்வை மாற்றங்களின் தையலை அதுதான் மறைக்கிறது. மூட்டத்துக்குள் நுழைந்த கண், வெளியே வரும்போது வேறொரு இடத்தில் நிற்கிறது, மாறியதே தெரிவதில்லை.

நான்காம் படி: தூரிகைக்கு அருகே போங்கள்

இப்போது படத்தைப் பெரிதாக்குங்கள். அடிவாரத்தின் நடுப்பாறையை எடுத்துக்கொள்வோம். வெளிக்கோடு ஒரே தடிமனில் ஓடவில்லை. அழுத்தி, தளர்த்தி, வளைத்து இழுத்திருக்கிறார். கோட்டின் உள்பக்கம் நீர்த்த மை, அதன்மேல் சற்றே கனத்த மை, அதன்மேல் இன்னொன்று என்று பூச்சுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. ஓரங்கள் ஒன்றில் ஒன்று கரைகின்றன. பாறையின் வயிற்றுப் பகுதி வெளிறி, மடிப்புகள் கறுத்திருக்கின்றன. பின்னால் வந்தவர்கள் இந்தத் தீற்றல் முறைக்கு மேகச்சுருள் என்று பெயர் வைத்தார்கள்.

வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது? தேடிப் பாருங்கள், கிடைக்காது. தரையில் விழும் நிழல் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு பாறையும் தனக்குள்ளேயே வெளிச்சமும் இருட்டும் வைத்துக்கொண்டிருக்கிறது. சூரியன் இருந்திருந்தால் இது ஒரு குறிப்பிட்ட நாளின் ஒரு குறிப்பிட்ட மணி ஆகியிருக்கும். சூரியனை நீக்கியதால் இது ஒரு பருவம் ஆகிவிட்டது.

மரங்களுக்கு வருவோம். இலையில்லாத கிளைகளின் நுனிகள் கொக்கிபோல் கீழ்நோக்கி வளைகின்றன. நண்டுக்கொடுக்குக் கிளை என்பது இதற்கு வழங்கும் பெயர். குவோ ஷிக்கு முந்தைய நூற்றாண்டில் வாழ்ந்த லி செங் என்ற ஓவியரின் வழியில் வந்தது இது. இருவர் பெயரையும் சேர்த்து லி-குவோ மரபு என்றே சொல்வார்கள். ஆகவே இந்தக் கிளையைக் கண்டவுடன் "ஓவியரின் மனப்போராட்டம்" என்று எழுதுவது ஆபத்து. மரபாகக் கையில் வந்த வடிவம் எது, அதை இவர் என்ன செய்தார் என்று இரண்டு கேள்வி கேட்க வேண்டும். இவர் செய்தது, கிளையின் வளைவையும் பாறையின் வளைவையும் ஒரே தாளத்தில் கொண்டுவந்தது. கல், மரம், மூட்டம் மூன்றும் ஒரே பொருளின் இறுகிய நிலையும் இளகிய நிலையும் போலத் தெரிகின்றன.

அதற்கும் நூலில் இடம் இருக்கிறது. நீர் மலையின் இரத்த நாளம், புல்லும் மரமும் அதன் முடி, மூட்டமும் மேகமும் அதன் முகக்களை என்கிறார் குவோ ஷி. மலை அவருக்கு உயிருள்ள உடல். பாறை ஏன் தசைபோல மடிகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: மனிதர்களைத் தேடுங்கள்

தேடினால்தான் கிடைப்பார்கள். இடப்புறக் கீழ் ஓரத்தில் கரையேறும் ஒரு மீனவக் குடும்பம்: கைக்குழந்தையோடு ஒரு பெண், கூடவே ஒரு சிறுபிள்ளை. வலப்புறக் கீழே நீரில் படகோடு ஒரு மீனவர். மேலே பாதையில் ஏறிப்போகும் வழிப்போக்கர்கள். அதற்கும் மேலே, அருவிக்கு அருகே, கோயில் கூரைகள். சிகரத்தில் யாரும் இல்லை.

இந்த வரிசையைக் கவனியுங்கள். நீரோரம் உழைப்பவர்கள், நடுவில் பயணம் செய்பவர்கள், உயரே வழிபாட்டிடம், அதற்கு மேல் மலை மட்டும். ஒருவரும் மலையை நின்று ரசிக்கவில்லை; எல்லோரும் தங்கள் வேலையாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ரசிக்கும் வேலை நமக்கு விடப்பட்டிருக்கிறது.

மலை ஓவியங்களில் நான்கு வகை உண்டு என்பார் குவோ ஷி: நடந்து கடக்கத் தக்கது, நோக்கத் தக்கது, உலவத் தக்கது, குடியிருக்கத் தக்கது. பின்னிரண்டும் முன்னிரண்டைவிட மேல். அலுவலில் கட்டுண்டவன் மலைக்குப் போக முடியாது. வீட்டு மண்டபத்தில் உட்கார்ந்தபடியே அவன் மலையில் வாழ வழி செய்வதுதான் ஓவியத்தின் பயன் என்பது அவர் கட்சி. எனவே மனிதரை ஒவ்வொருவராக விரலால் தொட்டு, அவர் எங்கிருந்து வருகிறார், எங்கே போவார் என்று பாதையைப் பின்தொடருங்கள். சில பாதைகள் பாறைக்குப் பின்னால் மறைந்து வேறிடத்தில் தலைகாட்டும். இதைச் செய்யாமல் மொத்தமாகப் பார்த்துவிட்டு நகர்பவர், படத்தின் பாதியைத்தான் பார்த்தார் என்பேன்.

ஆறாம் படி: வசந்தம் எங்கே இருக்கிறது?

இப்போது தலைப்பைத் திறக்கலாம். இடப்புற ஓரத்தில் ஓவியரின் கையெழுத்தில் தலைப்பும், ஆண்டும், பெயரும் இருக்கின்றன. கூடவே அவருடைய முத்திரை. வசந்தத்தின் தொடக்கம் என்கிறார். ஆனால் படத்தில் ஒரு பூகூட இல்லை. பீச் மரம் இல்லை, வில்லோ இல்லை. கிளைகளில் பலவும் மொட்டையாகவே நிற்கின்றன.

வசந்தம் வேறு இடங்களில் இருக்கிறது. அருவி உறையாமல் ஓடுகிறது. பனிக்கட்டி இளகிய ஈரம் மூட்டமாக எழுகிறது. படகுகள் வெளியே வந்திருக்கின்றன, ஆட்கள் பாதையில் இருக்கிறார்கள். மலையே உள்ளிருந்து விம்முவதுபோல் இருக்கிறது. பருவத்தை ஓர் அலங்காரமாக ஒட்டாமல், மலையின் உடலில் நடக்கும் மாற்றமாகக் காட்டியிருக்கிறார். வசந்த மலை சிரிப்பதுபோல் இருக்கும், கோடை மலை பசுமை சொட்டுவதுபோல், இலையுதிர்கால மலை ஒப்பனை செய்துகொண்டதுபோல், குளிர்கால மலை உறங்குவதுபோல் என்று அவர் சொன்னதாக நூலில் உண்டு. இந்தப் படத்து மலை இன்னும் சிரிக்கவில்லை. உறக்கம் கலைந்திருக்கிறது, அவ்வளவுதான். 'தொடக்கம்' என்ற சொல்லை மதித்து வரைந்திருக்கிறார்.

இதை எழுநூறு ஆண்டுகளுக்குப் பின் ஒரு பேரரசர் கவனித்தார். வலப்புற மேல்பகுதியில் காணப்படும் எழுத்துகள், சிங் அரசமரபின் பேரரசர் சியான்லோங் 1759இல் எழுதிச் சேர்த்த கவிதை. மரங்கள் இப்போதுதான் துளிர்க்கின்றன, ஓடையின் பனி விலகுகிறது, வில்லோவும் பீச்சும் இட்டு அலங்கரிக்காமலே வசந்த மலையின் ஆவி நீராவியாக எழுவது தெரிகிறது என்பது அதன் சாரம். கிடைத்த ஓவியத்திலெல்லாம் எழுதியும் முத்திரை குத்தியும் வைத்த அந்த அரசர்மேல் எனக்குப் பெரிய மரியாதை இல்லை. ஆனாலும் இந்த இடத்தில் கண் சரியாகவே பார்த்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கை: அந்தக் கவிதையும் சிவப்பு முத்திரைகளும் படத்தின் அமைப்பில் இல்லாதவை. வலப்புற மேல்மூலை எழுத்துகளால் கனத்துத் தெரிகிறது என்று யாராவது அமைப்பைப் பற்றிச் சொன்னால், அது குவோ ஷியின் வேலை அல்ல. அங்கே அவர் விட்டது வெற்று வானம்.

ஏழாம் படி: ஆண்டும் ஆட்சியும்

கையெழுத்தில் ஆண்டு எண்ணாக இல்லை. 'ரன்-ஸு' என்ற சுழற்சி ஆண்டாக இருக்கிறது. நமக்கு இது புதிதல்ல. பிரபவ முதல் அட்சய வரை நாம் எண்ணுவதுபோலச் சீனர்களுக்கும் அறுபது ஆண்டுச் சுழற்சி உண்டு. 1972 நமக்குப் பரிதாபி, அவர்களுக்கு ரன்-ஸு. சுழற்சி ஆண்டின் சிக்கலும் நமக்குத் தெரிந்ததே: 1012, 1072, 1132 எல்லாமே ரன்-ஸுதான். ஓவியர் வாழ்ந்த காலத்தையும் அரசவையில் இருந்த காலத்தையும் வைத்துத்தான் 1072 என்று நிலைநிறுத்துகிறோம்.

அந்த ஆண்டு என்ன நடந்துகொண்டிருந்தது? 1067இல் அரியணை ஏறிய ஷென்சோங் பேரரசர், குவோ ஷியின் ஓவியங்கள்மேல் பித்தாக இருந்தார். 1069இலிருந்து அமைச்சர் வாங் ஆன்ஷி கொண்டுவந்த பெரும் சீர்திருத்தங்கள் நாட்டையே இரண்டாகப் பிரித்துக்கொண்டிருந்தன. அரசவை ஓவியர் ஒருவர், அந்த நேரத்தில், உறைந்தது இளகிப் புதிதாகத் தொடங்குவதைப் பெரிய அளவில் வரைகிறார். இதை அரசியலாகப் படிப்பவர்கள் உண்டு. அவர்களுக்குத் துணையாக நூலிலேயே ஒரு வரி இருக்கிறது: சிறுமலைகளுக்கு நடுவில் பெருமலை, பிரபுக்கள் வணங்க வீற்றிருக்கும் பேரரசரைப் போன்றது, மரங்களுக்கு நடுவில் நெடிய பைன், சான்றோரைப் போன்றது.

இந்த விளக்கத்தை எவ்வளவு தூரம் ஏற்கலாம்? நடுச்சிகரம் ஆட்சியின் ஒழுங்கைக் காட்டுகிறது என்பது வரை நான் போவேன். அதற்கு ஓவியரின் வாக்கும் படத்தின் அமைப்பும் துணை நிற்கின்றன. சீர்திருத்தத்தை இந்த ஓவியம் ஆதரிக்கிறது என்றோ எதிர்க்கிறது என்றோ சொல்லப் பட்டில் எந்த ஆதாரமும் இல்லை. நூலையும் கொஞ்சம் சந்தேகத்தோடு படிக்க வேண்டும். தொகுத்தவர் மகன், அரசாங்கப் பதவியில் இருந்தவர். தந்தை வரைய உட்காரும்போது சன்னலருகே மேசையைத் துடைத்து, ஊதுபத்தி ஏற்றி, கைகழுவி, பெரிய விருந்தாளியை வரவேற்பவர்போல ஆயத்தமாவார் என்று எழுதுகிறார். உண்மையாகவே இருக்கலாம். தந்தையைக் கூலிக்கு வரையும் கைவினைஞராகப் பார்க்கக் கூடாது, படித்த சான்றோராகப் பார்க்க வேண்டும் என்ற மகனின் ஆசையும் அதில் தெரிகிறது.

அரச மதிப்பு எவ்வளவு நிலையற்றது என்பதற்கும் ஒரு சம்பவம் உண்டு. டெங் சுன் என்பவர் 12ஆம் நூற்றாண்டில் எழுதிய ஓவிய நூலில் சொல்கிறார்: அரண்மனையில் ஒரு மண்டபம் முழுக்கக் குவோ ஷியின் ஓவியங்கள் இருந்தன, ஹுவேசோங் பேரரசர் வந்ததும் அவற்றை எடுத்துவிட்டுப் பழங்கால ஓவியங்களை மாட்டினார்கள், குவோ ஷியின் பட்டுகள் கிடங்குக்குப் போயின. அவற்றில் ஒன்றைத் துடைக்கும் துணியாக ஒரு வேலையாள் வைத்திருந்ததை டெங் சுன்னின் தந்தை கண்டு, அரசரிடம் கேட்டு வாங்கிக்கொண்டாராம். குவோ ஷியின் பெரும்பாலான வேலை இன்று நம்மிடம் இல்லை. ஒற்றைப் படத்தை வைத்துக்கொண்டு "குவோ ஷி எப்போதுமே இப்படித்தான்" என்று எழுதுபவர்கள் இதை நினைவில் வைத்தால் நல்லது.

எட்டாம் படி: பக்கத்தில் இன்னொரு மலையை வையுங்கள்

ஒரு பாணியின் தனித்தன்மை ஒப்பிடும்போதுதான் துலங்கும். அதே அருங்காட்சியகத்தில் உள்ள, ஃபான் குவான் வரைந்த 'மலைகளுக்கும் ஓடைகளுக்கும் நடுவே பயணிகள்' என்ற ஓவியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 206.3 செ.மீ. உயரம், குவோ ஷிக்கு ஓரிரு தலைமுறைக்கு முந்தையது.

அங்கே மலை நேராக, சுவராக, முகத்துக்கு முன்னால் எழுகிறது. பாறையின் மேற்பரப்பு முழுக்க மழைத்துளி எனப்படும் சிறு சிறு தீற்றல்கள். ஒவ்வொன்றும் தனித்தனியே கல்லைக் கொத்தியதுபோல் இருக்கும். மூட்டம் அடிவாரத்தில் ஒரே ஒரு பட்டையாக நின்று, கோவேறு கழுதைகளை ஓட்டிச் செல்லும் பயணிகளை மலையிலிருந்து வெட்டிப் பிரிக்கிறது. ஓவியரின் பெயர் அந்தப் பயணிகளுக்குப் பின்னால், இலைகளுக்குள் ஒளிந்திருக்கிறது; 1958இல்தான் லி லின்சான் என்ற ஆய்வாளர் அதைக் கண்டுபிடித்தார். குவோ ஷியோ தம் பெயரை ஓரத்தில் வெளிப்படையாக எழுதி முத்திரையும் இட்டார்.

இரண்டையும் அருகருகே வைத்தால், ஃபான் குவானின் மலை மனிதன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அங்கேயே நிற்கும் என்று தோன்றும். குவோ ஷியின் மலை நாளைக்கு வேறாக இருக்கும்.

ஒன்பதாம் படி: எழுதுங்கள், பிறகு வெட்டுங்கள்

இதுவரை சேர்த்த குறிப்புகளை ஒரே பத்தியாக எழுதிப் பாருங்கள். ஒரு மாதிரி:

'குவோ ஷி இந்த மலையை ஒரு காட்சியாகக் காட்டவில்லை. ஒரு நிகழ்வாகக் காட்டுகிறார். பார்வையிடத்தை மூன்றாக உடைத்து, உடைந்த இடங்களை மூட்டத்தால் இணைத்ததால், பார்ப்பவர் நின்ற இடத்திலேயே மலையைச் சுற்றி வருகிறார். பாறை, கிளை, மூட்டம் மூன்றிலும் ஒரே நெளிவு ஓடுகிறது. ஆகவே பருவமாற்றம் பூக்களில் தெரியாமல் மலையின் உடலிலேயே தெரிகிறது. கீழே உழைப்பவர்களிலிருந்து மேலே தனித்து நிற்கும் சிகரம் வரை ஒரு படிநிலை இருக்கிறது. அரசவைக்காக வரைந்தவர் அதை ஆட்சியின் ஒழுங்காகவும் எண்ணினார். ஆனால் அந்த ஒழுங்கின் உச்சியே நெளிந்து அசைகிறது.'

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இரண்டு சோதனை. படத்தில் இதற்கான இடத்தை விரலால் காட்ட முடிகிறதா? இதே வாக்கியத்தை ஃபான் குவானின் ஓவியத்துக்குக் கீழே ஒட்டினால் பொருந்துகிறதா? முதல் சோதனையில் தோற்றால் அது கற்பனை. இரண்டாவதில் பொருந்திவிட்டால் அது வெறும் பொதுப்பேச்சு. இரண்டையும் வெட்டுங்கள். மேலே உள்ள கடைசி வாக்கியத்தைச் சிலர் வெட்டச் சொல்லலாம். சிகரத்தின் சாய்வை நான் அதற்குச் சான்றாகக் காட்டுவேன். ஏற்பதும் மறுப்பதும் படத்தைப் பார்த்து நீங்கள் முடிவு செய்ய வேண்டியது.

மற்ற மலைகளுக்கு

கேள்விகள் அவையே, எடை மட்டும் இடம் மாறும். பிரெஞ்சு ஓவியர் செசான் திரும்பத் திரும்ப வரைந்த சென்த்-விக்துவார் மலை, பிரான்சின் எக்ஸ் நகருக்கு அருகே இன்றும் 1,011 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அங்கே முதல் வேலையே புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்து, எதைப் பெரிதாக்கினார், எதைச் சதுரத் தீற்றல்களாக உடைத்தார் என்று பார்ப்பதுதான். குவோ ஷியின் மலைக்கு அப்படிக் காட்ட ஒரு தனி மலை இல்லை என்பதால்தான் நாம் இன்னொரு ஓவியத்தைப் பக்கத்தில் வைத்தோம்.

நேரில் பார்த்துப் பழக விரும்புகிறவர்களுக்கு நிக்கோலாய் ரோரிக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார். ரஷ்யாவில் பிறந்து, 1928 முதல் 1947இல் இறக்கும்வரை இமயத்தின் குலு பள்ளத்தாக்கில் நக்கரில் வாழ்ந்து, மலைகளைத் தட்டையான நிறப்பட்டைகளாக வரைந்தவர். பெங்களூரின் கர்நாடக சித்ரகலா பரிஷத்தில் அவருடைய ஓவியங்கள் இருக்கின்றன. அங்கே நான்காம் படியில் தூரிகைக்குப் பதிலாக நிறத்தைக் கேளுங்கள்: நிறப்பொடியைப் பசையோடு குழைத்த டெம்பரா வண்ணத்தின் மங்கிய, பளபளப்பில்லாத பரப்பில் ஒரு நீலம் எங்கே முடிந்து அடுத்த நீலம் எங்கே தொடங்குகிறது, அந்த எல்லையில் மூட்டம் இருக்கிறதா, வெட்டியதுபோல் கூர்மையாக இருக்கிறதா? ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். இரண்டு படங்களைத் தேர்ந்தெடுத்து, கையில் தாளும் பென்சிலுமாக நில்லுங்கள்.